கேனில் இருந்த நான்கு கருக்கள்

என் வீட்டுக்காரரைக் கேட்டால் தனக்குப் பிள்ளைகள் ஐந்து பேர் என்பார். ஒருத்தி நான்காம் வகுப்புப் படிக்கிறாள். மீதி நான்கு பேரும் திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனுக்குள் இருந்தார்கள். நான் அவற்றைப் பிள்ளைகள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கரு என்பேன். ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது.

திரவ நைட்ரஜன் எனக்குப் புதிதில்லை. நான் வேலை பார்ப்பது கால்நடை மருந்தகத்தில். ஊரில் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். கீரனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இரண்டு அறை, ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்திக் கட்ட ஓர் இரும்புச் சட்டம். மாட்டைப் பிடித்துக் கட்டுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, சாணியை அள்ளித் தரையைக் கழுவுவது என் வேலை. கேனைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். மாட்டுக்குப் போடும் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகள் அதற்குள்தான் இருக்கும். நைட்ரஜன் தானாகவே ஆவியாகிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை மர ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஆட்ட வேண்டும். எதுவரை வெள்ளையாகப் பனி பிடிக்கிறதோ அதுவரை நைட்ரஜன் இருக்கிறது. பனிக்கோடு கீழே இறங்கினால் ஃபோன் போட்டு வண்டியை வரச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் மறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் செத்துவிடும்.

செத்தது வெளியே தெரியாது. அதுதான் இதில் மோசம். உயிருள்ள குச்சியும் செத்த குச்சியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. என்னென்ன பேச்சுக் கேட்டேன் என்று எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தர் என் காதுபடவே, ஊசி போடும் கால்நடை ஆய்வாளரிடம் கேட்டார்.

"இந்தப் பொம்பள கையால பிடிச்சா மாடு சினை நிக்குமாய்யா?"

கயிற்றை அவர் கையில் கொடுத்து, "அப்ப நீங்களே பிடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மாடு அவர் காலை மிதித்தது. கூப்பிட்டார்கள். நான் வெளியே வரவில்லை.

பிறகுதான் திருச்சிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆர்மோனியம் வாசிப்பவர். இப்படிப் பிள்ளை பெறுவதைத் திருச்சபை ஏற்பதில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வந்தார். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். என் தம்பி ஒருவனிடம் மட்டும் சொன்னோம்.

என் உடம்பிலிருந்து முட்டைகளை எடுத்து அவருடையதோடு சேர்த்து ஐந்து நாள் வைத்திருந்தார்கள். ஆறு கரு தேறியது. இரண்டை எனக்குள் வைத்தார்கள். ஒன்று தங்கியது. மீதி நான்கை உறைய வைத்துவிட்டோம் என்று சொல்லி ஓர் அறையைக் காட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கேன்கள் நின்றன. என் வீட்டுக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அங்கிருந்த பெண்ணிடம், "எத்தனை நாளைக்கு ஒருக்கா ஊத்துறீங்க?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதோடு அந்த நான்கும் எனக்குள் வர வழியில்லாமல் போனது.

ஊர் முழுக்க மாதா கொடுத்த பிள்ளை என்றார்கள். நான் மறுக்கவில்லை. கரும்பில் தொட்டில் கட்டி, பிள்ளையை அதில் போட்டு மாதா கோயிலை மூன்று சுற்று சுற்றி வந்து நேர்த்திக்கடனைச் செலுத்தினோம். கரும்பின் ஒரு முனை என் வீட்டுக்காரர் தோளில் இருந்தது. மறுமுனை என் தம்பி தோளில். நான் பின்னால் நடந்தேன். ஊரை ஏமாற்றியதில் எனக்கு வெட்கமே இல்லை. ஒன்பது வருடம் என்னைப் பேசியவர்களுக்கு நான் எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்?

பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது தம்பி விழுந்தான். விழுந்தான் என்று சொல்வது தப்பு. அவன் மேல் விழுந்தது. எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் தைல மரக் காடு. மரத்தை வெட்டி லாரியில் ஏற்றும் வேலைக்கு அவன் போய்க்கொண்டிருந்தான். பாரம் ஏற்றிக் கயிறு போடும்போது மேல் வரிசைக் கட்டை ஒன்று உருண்டு அவன் முதுகில் இறங்கியது. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஊசியால் அவன் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டு வந்தார்.

"தெரியுதா? இங்க? இங்க?"

"குத்துங்க சார். யாரு காலோ, எனக்கென்ன" என்றான் தம்பி. தொப்புள் வரை வந்த பிறகுதான் "ஆ" என்றான்.

அப்பா அம்மா இரண்டு பேரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. நான்தான் பத்து நாள் அங்கேயே கிடந்தேன். திரும்பி வேலைக்கு வந்த அன்று முதல் வேலையாக ஸ்கேலைக் கேனுக்குள் விட்டேன். எடுத்து ஆட்டினேன். பனி பிடிக்கவில்லை. ஸ்கேல் வெறும் மரமாகவே இருந்தது.

நான் போகும்போதே நைட்ரஜன் குறைவாக இருந்தது. வண்டிக்குச் சொல்லாமல் ஓடிவிட்டேன். ஆய்வாளர் இரண்டு ஊர் மருந்தகத்தைப் பார்ப்பவர். என்னை நம்பி அவர் கேனைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே இருந்த குச்சிகள் எத்தனை நாளாகச் செத்துக் கிடந்தன என்று எனக்குத் தெரியாது. அன்று மத்தியானமே நைட்ரஜன் வண்டி வந்தது. நிரப்பச் சொன்னேன். செத்த குச்சிகளின் மேலேயே ஊற்றினார்கள். புகை வந்தது. மறுபடி ஸ்கேலை விட்டேன். நன்றாகப் பனி பிடித்தது. பதிவேட்டில் அந்தப் பத்து நாளில் விட்டுப்போன அளவுகளை நானாக எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் குச்சிகள் தீரும்வரை ஊசி போட்ட ஒரு மாடும் சினை நிற்கவில்லை. ஜனங்கள் மாட்டைத் திட்டினார்கள். தீவனத்தைக் குறை சொன்னார்கள். ஒரு அம்மா மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் மாட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்காவது தடவை மாடு இல்லாமல் வந்து, "மலட்டு மாடு தாயி, அடிக்குக் குடுத்துட்டேன்" என்றார்கள். அடிக்கு என்றால் கறிக்கு. நான் தலையை ஆட்டினேன்.  அழுகை வரவில்லை. தம்பிக்கு இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது போல எனக்கு உள்ளே மரத்திருந்தது.

தம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். படுத்தே கிடப்பவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இல்லையென்றால் புண் வரும். காலையில் நான். பள்ளிக்கூட இடைவேளையில் என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து திருப்பிவிட்டுப் போவார். சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடித்து உருட்டி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். இந்த நாலு வருடத்தில் அவர் ஒரு தடவையும் முகம் சுளித்ததில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் இனி சொல்லப்போவதில் அவர் மேல் எனக்குக் கோபம்தான் அதிகம்.

படுக்கையில் கிடப்பவனுக்கு ஃபோன்தான் உலகம். இந்த வருடம் கோடையில் ஒருநாள் தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்கிட்டு வா. இதப் பாரு. கருவுல இருந்து ஸ்டெம் செல்லுன்னு ஒண்ணு எடுக்குறாங்களாம். அது எதுவா வேணாலும் ஆகுமாம். எலும்பா, ரத்தமா, நரம்பா."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒன்கிட்டதான் நாலு இருக்குல்ல."

நான் அவன் தலையணையைச் சரிசெய்தேன்.

"சும்மாதானே கெடக்கு? ஒன் வயித்துப் பிள்ளை, நம்ம ரத்தம். எனக்குச் சேராமப் போகுமா? ஒண்ணு குடு போதும். நாலையும் கேக்கல."

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் அதே பேச்சு. ஏதோ ஊரிலிருந்து ஒருத்தன் ஃபோன் போட்டு இவனை சார் சார் என்று கூப்பிட்டு, ஸ்டெம் செல் ஊசி போட்டு மூன்றே மாதத்தில் எழுப்பி உட்கார வைக்கிறோம் என்றிருக்கிறான். நான் ஃபோனைப் பிடுங்கி அவனிடம் பேசினேன். பேசியதை இங்கே எழுத முடியாது.

அந்தச் சமயத்தில்தான் திருச்சியிலிருந்து கடிதம் வந்தது. சட்டப்படி பத்து வருடத்துக்கு மேல் கருக்களை வைத்திருக்கக் கூடாதாம். கணவன் மனைவி இரண்டு பேரும் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டம் இரண்டு. ஒன்று, அப்படியே அழிய விடுவது. இன்னொன்று, பதிவு பெற்ற ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுப்பது. குறித்த நாளுக்குள் வராவிட்டால் அழிய விட்டுவிடுவார்கள்.

நான் முதலில் தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தம்பியின் ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் முட்டாள்தனமாக இருக்கிறது. அன்று பஸ்ஸில் அந்தப் படங்கள் மடங்கிவிடாமல் மடியில் வைத்துக்கொண்டே போனேன். தம்பி சொன்னதை நானும் பாதி நம்பியிருந்தேன். என் கரு, என் தம்பி, நாங்கள் கொடுத்தால் அவனுக்குப் போடுவார்கள் என்று.

டாக்டரம்மா படங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உறையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். பிறகு ஒரு காகிதத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்கள்.

"அஞ்சு நாள் கரு இதவிடச் சின்னது. உள்ள ஒரு ஓரமா கொஞ்சம் செல் ஒட்டியிருக்கும். அதுல எது இதயம், எது தோலு, எது நரம்புன்னு இன்னும் முடிவாகல. முடிவாகாததாலதான் அதுக்கு அவ்வளவு மதிப்பு. அத எடுத்துத் தட்டுல வளர்த்தா பெருகிக்கிட்டே இருக்கும். நரம்பு செல்லா மாத்தலாம், கண்ணுக்குள்ள இருக்குற செல்லா மாத்தலாம்."

"அப்ப முதுகுல போடலாம்தானே?"

"வெளிநாட்டுல சில பேருக்குப் போட்டுச் சோதிச்சுப் பாக்குறாங்க. மருந்தாகல. நம்ம நாட்டுல இத சிகிச்சைன்னு சொல்லி யார் போட்டாலும் அது ஏமாத்து வேலை. சில சமயம் அது கட்டியாகவும் வளரும். இன்னொண்ணு, நீங்க குடுக்குறது ஆராய்ச்சிக்கு. இன்னாருக்குன்னு பேர் சொல்லிக் குடுக்க முடியாதும்மா. சொந்தத் தம்பியா இருந்தாலும்."

"செல்ல எடுத்த பிறகு கரு?"

"இருக்காது."

"பிள்ளை இல்லாத வேற யாருக்காச்சும் வைக்கலாமா?"

"சட்டம் விடாது. உங்களுக்குன்னு எடுத்தது உங்களுக்கு மட்டும்தான்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஸ்கேன் உறையைக் காலடியில் போட்டேன். மடங்கினால் மடங்கட்டும். வீட்டுக்கு வந்ததும் தம்பி, "என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டான். "கேட்டிருக்கேன், பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கேன் காலியானபோது செய்ததையே மறுபடியும் செய்தேன்.

என் வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டுமே கொலைதான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாட்டியும் அவங்க அழிய விட்டுருவாங்க."

"அது அவங்க செய்றது. நான் செய்றதில்ல."

"நல்லாருக்குங்க ஒங்க நியாயம். உருவாக்குனப்ப கையெழுத்துப் போட்டீங்கள்ல? அப்ப எங்க போச்சு இந்த மனசாட்சி?"

"அதுக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் நான் நன்மை வாங்கப் போறதில்ல. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். பாவத்தில் இருப்பவர் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்கக் கூடாது என்பதால், பத்து வருடமாகப் பூசையில் எல்லோரும் வரிசையில் போகும்போது அவர் ஆர்மோனியத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். வாசிக்கிறவர் எழுந்து வர முடியாது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நானும் தெரியாத மாதிரியே இருந்தேன். அதற்காக என் கோபம் குறையவில்லை.

அவர் கையெழுத்துப் போடவில்லை. வேறொன்று செய்தார். எங்கள் கோயிலில் பூசைக்கு எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு. இடது பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கான வேண்டுதல். வலது பக்கம் இறந்தவர்கள். பூசை தொடங்கும்முன், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் இரண்டையும் சத்தமாகப் படிப்பார். என் வீட்டுக்காரர் அவரிடம் போய், "எங்க குடும்பத்துல பிறவாத நாலு பிள்ளைங்களுக்காகன்னு எழுதுங்க" என்று சொல்லியிருக்கிறார். உபதேசியார், "எந்தப் பக்கம் எழுத வாத்தியாரே?" என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டு வந்திருக்கிறார். உபதேசியார் என்ன நினைப்பார்? கலைந்து போன பிள்ளைகள் என்று நினைத்து வலது பக்கம் எழுதிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைய ஜனம். உபதேசியார் மைக்கில் இறந்தவர்கள் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து, "வாத்தியார் குடும்பத்தில் பிறவாத நான்கு குழந்தைகளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றார்.

ஆர்மோனியம் நின்றது. என் வீட்டுக்காரர் எழுந்தார். எதிர்த்துப் பேசித் தெரியாத மனிதர்.

"அவங்க சாகல" என்றார்.

உபதேசியார் மைக்கிலேயே, "என்ன வாத்தியாரே?" என்றார்.

"அவங்க சாகல. அழிச்சுட்டு அங்கிட்டு எழுதுங்க."

பூசை வைக்க வந்த சாமியார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். உபதேசியார் நோட்டில் எதையோ அடித்தார். பூசை நடந்தது. ஒருத்தரும் பூசையைக் கவனிக்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்கள். முடிந்து வெளியே வந்ததும் வாசலில் வளைத்துக்கொண்டு கேட்டார்கள். இவருக்குப் பொய் சொல்ல வராது. பத்து வருடம் ஒளித்து வைத்ததைச் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார்.

எங்கள் தெருவில் இருக்கும் ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏத்தா, அப்ப அந்தக் கரும்புத் தொட்டில் யாருக்குக் கட்டுனது? மாதாவுக்கா, டாக்டருக்கா?"

"டாக்டருக்குத்தான். அடுத்த தடவ டாக்டரையே தொட்டில்ல போட்டுத் தூக்குறோம். நீ வந்து ஒரு முனையப் பிடி."

அவள் கையை விட்டாள். என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நாலு பிள்ளைங்க யாரும்மா?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போய் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கோயிலில் நடந்தது எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. தம்பிக்கு யாரோ ஃபோன் போட்டிருந்தார்கள். அவன் சிரித்தான்.

"மச்சான் மைக்கப் பிடுங்கிட்டாராமே? நான் படுத்துக் கெடக்குற நேரமாப் பாத்துத்தான் எல்லாம் நடக்கும்."

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒனக்குக் கிடைக்காது. பேர் சொல்லிக் கொடுக்க முடியாது. நரம்பு வளரும் என்பது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. டாக்டரம்மா இதையெல்லாம் சொல்லி இரண்டு வாரமாகிறது.

அவன் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"ரெண்டு வாரமா தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"ரெண்டு வாரமா நான் கால் விரலையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்க்கா. இப்பவே அசைஞ்சு பழகட்டும்னு."

 தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் அவனைத் திருப்பிப் போடப் போனார். நான் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே பேசியது கேட்டது.

"மச்சான், ஒரு சந்தேகம்."

"சொல்லு மாப்ள."

"எனக்கு ஒரு பூசை எழுதணும்னா எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

"என்ன பேச்சு இது?"

"இல்ல, தெரிஞ்சுக்கிறலாம்னுதான். இடுப்புக்கு மேல இந்தப் பக்கம், கீழ அந்தப் பக்கமா? உபதேசியார் ரெண்டா வெட்டியா எழுதுவாரு?"

 கட்டில் முனகியது. என் வீட்டுக்காரர் அவனைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நாலு பேருக்காக எந்திரிச்சு நின்னீங்களாமே. நல்லது. நான் எந்திரிச்சு நிக்கணும்னு நெனச்சேன். நடக்கல. எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே நீங்க குடுத்தா என்ன, குப்பையில விட்டா என்ன? ஆனா ஒண்ணு. சும்மா அழிய விட்டுட்டு, நான் தொடலயேன்னு கைய மட்டும் கழுவாதீங்க. அந்தக் கைதான் என்னையத் திருப்புது."

 பிறகு என் வீட்டுக்காரர், "குதிகால் செவந்திருக்கு. ஆய்ன்மென்ட் எங்க?" என்று கேட்டார்.

கடைசி நாளன்று இரண்டு பேரும் திருச்சிக்குப் போனோம். அவர் வருகிறேன் என்றார். போடுகிறேன் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். படிவம் என் மடியில் இருந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் இரண்டாவது கட்டத்தில் நான் முன்பே பேனாவால் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அவருடைய கையெழுத்தும் எனக்குப் போடத் தெரியும். மகளின் ரேங்க் கார்டில் போட்டிருக்கிறேன். பதிவேட்டில் பொய்யாக எழுதிய கைதானே? ஒரு நிமிட வேலை. அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது பேனாவைத் திறந்தேன். பிறகு மூடினேன். நல்ல எண்ணத்தால் இல்லை. இன்னொன்றை ஒளித்துவைக்க எனக்குத் தெம்பில்லை.

அவர் வந்து உட்கார்ந்ததும் கேன் காலியான கதையைச் சொன்னேன். பனி பிடிக்காத ஸ்கேல், செத்த குச்சிகளின் மேல் ஊற்றிய நைட்ரஜன், நானாக எழுதிய அளவுகள், கறிக்குப் போன மாடு. நாலு வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன். என் குரல் மளிகைச் சாமான் பட்டியல் படிப்பது போல இருந்தது.

"செத்தது தெரிஞ்சும் ஊசி போட விட்டியா?"

"விட்டேன்."

"அந்த மாட்டையும் பிடிச்சுக்கிட்டு நின்னியா?"

"நின்னேன்."

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னியா?"

"இல்ல. ஒங்ககிட்டதான் சொல்றேன்."

அவர் முழங்கையை முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எதுக்கு இப்பச் சொல்ற?"

"அவங்க சாகலன்னு ஊரு முன்னாடி சொன்னீங்கள்ல. அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? கேன் நெறஞ்சிருந்தா உள்ள இருக்குறது உசுரோட இருக்குன்னு அர்த்தமில்லங்க. எனக்குத் தெரியும். வெளிய எடுத்தாத்தான் தெரியும். சும்மா விட்டா, உசுரோட இருந்துச்சா இல்லையான்னு யாருக்குமே தெரியாமப் போயிரும். எடுத்து எவனாச்சும் பாக்கட்டும். உசுரிருந்தா எதுக்காச்சும் ஆகட்டும்."

"நம்ம மாப்ளைக்கு ஆகாது."

"ஆகாது."

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து எங்களைக் கூப்பிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிவத்தைச் சரிபார்த்தாள். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே கேட்டார்.

"எடுக்குற அன்னைக்கு எங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணுவீங்களாம்மா?"

"அப்படிச் சொல்ற வழக்கம் இல்ல சார். இங்க இருந்து போயிட்டா நம்பர் மட்டும்தான் இருக்கும். யாருதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

"சரி" என்றார். என்னிடம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். குனிந்து கையெழுத்துப் போட்டார். எப்போதும் நீட்டிப் போடுகிறவர் அன்று சின்னதாகப் போட்டார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. பசித்தது. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம். அவர் ஒன்றோடு நிறுத்திவிட்டார். மீதியையும் நானே தின்றேன்.

அந்த மாட்டுக்கார அம்மாவிடம் உண்மையைச் சொல்லச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. மாட்டைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் அது மலட்டு மாடு இல்லை. இதை யாராவது படித்து அந்த அம்மாவிடம் சொன்னால் சொல்லட்டும்.

என் வீட்டுக்காரர் இன்னும் நன்மை வாங்கப் போவதில்லை. நோட்டில் அந்த நான்கு பேருக்காக மறுபடி எழுதவும் சொல்லவில்லை.

அன்று நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இருந்தது. மகள் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மத்தியானம் ஒருமுறை திருப்பிப் போட்டிருந்தாள். அரைகுறையாக. தம்பி கோணலாகக் கிடந்தான்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எந்தக் கட்டம்?"

"ரெண்டாவது."

அவன் விட்டத்தைப் பார்த்தான்.

"அப்ப எவனோ ஒருத்தன் நடப்பான்."

"நடக்கலாம். நடக்காமலும் போகலாம்."

"நடந்தான்னா திமிரெடுத்து நடப்பான். உள்ள இருக்குறது நம்ம வீட்டுப் பிள்ளைங்களாச்சே" என்றான். பிறகு, "நேரமாச்சுக்கா. திருப்பி விடு" என்றான்.

தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்து உருட்டினேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்தேன். குதிகாலைப் பார்த்தேன். சிவப்பு குறைந்திருந்தது. பழக்கத்தில் விரலால் அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றான்.